கனியுப்பு அட்டவணையும் பேசாப் பிள்ளையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை ஊரொன்றில், மூன்று வயது நிரம்பியும் பேசாத பிள்ளையோடு வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். அவள் கற்பனைத் தாயே. ஆயினும் அவளைப் போன்றோரை அறியாதவர் வாவியின் இரு கரையிலும் அரியர். பெயர் சொல்லி அழைத்தால் அவளுடைய பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. சிரட்டையொன்றை நிலத்திலிட்டு மணிக்கணக்காகச் சுழற்றும். வெறுஞ்சோறும் ஒரேயொரு வகை விசுக்கோத்தும் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. பரியாரியார் பார்த்தார், நூல் கட்டினார். கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் நகரத்துக்குப் போவது எளிதாயிற்று. அங்கே போய் வந்தபோது 'மதியிறுக்கம்' என்றொரு சொல் கிடைத்தது. ஓட்டிசம் என்றும் சொன்னார்கள். சொல் கிடைத்ததேயன்றி, அதன்மேல் வீட்டிலே செய்ய வேண்டியது யாதென்று எவரும் விரித்துச் சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்திலேதான் அட்டவணை வந்து அமர்கிறது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் வழிகாட்டுகிறார். பிள்ளையின் பிடரியில் ஒரு சிட்டிகை மயிரைக் கத்தரித்து உறையிலிட்டு அனுப்பினால், கல்சியம் முதல் யுரேனியம் ஈறாக நாற்பது பொருள்களின் அளவு தெரிந்துவிடுமாம். காதிலிருந்தது அடகுக் கடைக்குப் போகிறது. மயிர் கடல் கடக்கிறது. சில வாரங்களில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளோடு தாள் வந்து சேர்கிறது. ஆங்கிலம் படித்த அயல்வீட்டுப் பிள்ளையிடம் அதை நீட்டி, "இதில என்னகா எழுதியிருக்கு மனே?" என்று கேட்கிறாள் தாய்.

அக்கேள்விக்கு நேர்மையான விடை, "இப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை" என்பதே. படித்தவர் எவரும் அவ்விடையைச் சொல்வதில்லை என்பதே குற்றச்சாட்டு.

தலைமயிர்ப் பரிசோதனையைக் குறை கூறுவோர் அதைச் சோதித்துப் பாராமற் கூறவில்லை. 1985இல் ஸ்ரீபன் பரெற் என்னும் அமெரிக்க வைத்தியர், நலமுள்ள இரண்டு இளைஞர்களின் மயிரைப் பதின்மூன்று வர்த்தக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார். ஒரே தலையின் மயிருக்கு ஆய்வுகூடந்தோறும் வெவ்வேறு அளவுகள் வந்தன. நலமுள்ள அவர்களுக்கு இல்லாத குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றைத் தீர்க்க மாத்திரைகளும் பரிந்துரைக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. கருவிகள் திருந்தியிருக்கும் என்று நம்பியவர்களுக்காக 2001இல் மீண்டும் ஒரு சோதனை நடந்தது. நலமுள்ள ஒருவரின் மயிரைப் பகுத்து ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர். பன்னிரண்டு கனியுப்புக்களின் அளவில், மிகக் கூடிய விடைக்கும் மிகக் குறைந்த விடைக்கும் இடையே பத்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. எது இயல்பான அளவு என்பதிலேயே அவ்வாய்வுகூடங்கள் ஒத்துப்போகவில்லை. இரு ஆய்வுகளும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டிலே அச்சாகின. ஆறு தராசுகளில் நிறுத்த ஒரே மீன் ஆறு நிறை காட்டுமாயின், மீன்காரனோடு சண்டை பிடிக்காதவர் எவர்? பிள்ளையின் காரியத்தில் மட்டும் அந்தச் சண்டையை எவரும் பிடிப்பதில்லை.

தராசைத் திருத்திவிட்டாலும் தொல்லை தீராது. மயிர் உடலுக்குள்ளிருந்து வளர்வது. ஆனால் வளர்ந்த நாள் முதல் உடலுக்கு வெளியே கிடப்பது. குளிக்கும் கிணற்று நீர், பூசும் எண்ணெய், சவர்க்காரம், காற்றிலுள்ள புழுதி யாவும் அதில் ஏறும். வன்னீரில் குளிப்போரின் மயிரில் கல்சியமும் மகனீசியமும் கூடுதலாகக் காணப்படும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் எழுவான்கரையின் மணற் கிணறுகள் உவர்ப்பேறியதை இப்பகுதியினர் நன்கறிவர். அத்தகைய கிணற்றிலே நாள்தோறும் தலை முழுகும் பிள்ளையின் மயிரில் சோடியம் கூடியிருந்தால் அது எதன் கதை? கிணற்றின் கதையா, பிள்ளையின் கதையா? ஆய்வுகூடத்தார் மயிரைக் கழுவிய பின்னரே அளக்கின்றனர். கழுவும் முறையும் கூடத்துக்குக் கூடம் வேறு. குறைவாகக் கழுவினால் வெளியழுக்கு எஞ்சும். கூடக் கழுவினால் உள்ளிருந்ததும் கரைந்துபோகும்.

இனி அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருவோம். பிள்ளையின் தாயை இரவு உறங்கவிடாமல் அடிப்பது அதுவே. 'இயல்பான வீச்சு' என்பது பொதுவாக வகுக்கப்படும் விதம் இது: நலமுள்ள பலரை அளந்து, இரு ஓரங்களிலும் சிலரை ஒதுக்கி, நடுவிலுள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் எல்லையை வீச்சாகக் கொள்வர். எனவே எந்த ஒரு பரிசோதனையிலும் நலமுள்ள நூறு பேரில் ஐவர் வீச்சுக்கு வெளியே நிற்பர். அவர்களுக்கு நோயில்லை, வீச்சு அவ்வாறு வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை அளந்தால் ஐவர். நாற்பது பொருள்களை, ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு அளந்தால், முற்றும் நலமுள்ள நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ எண்பத்தேழு பேருக்கு ஒரு கோடேனும் சிவப்பாகும். கணக்கு சாதாரணதரப் பரீட்சைக்குரியது. நாற்பதை அளக்கும் வணிகர், எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பாதவாறு கடையை அமைத்திருக்கின்றனர் என்பதே அதன் பொருள். மயிருக்கு மட்டுமன்று, ஒரு நோக்கமுமின்றிக் குருதியிற் செய்யப்படும் நீண்ட பட்டியல்களுக்கும் இது பொருந்தும்.

அட்டவணை ஒரு பிரதேசத்தையே எவ்வாறு ஆட்டிவைக்கும் என்பதற்குப் பஞ்சாப் மாநிலத்தின் பரித்கோட் நகரம் சான்று. அங்கே குறைபாடுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையமொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தலைமயிர் எடுக்கப்பட்டு ஜேர்மனியிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டது. பெரும்பாலானோரின் மயிரில் யுரேனியம் மிகுந்திருப்பதாக விடை வந்தது. 2009இல் செய்தி உலகப் பத்திரிகைகளுக்கு எட்டியது. அனல்மின் நிலையங்களின் சாம்பலே காரணம் என்றனர் சிலர். அயல்நாட்டுப் போர்களிற் பயன்பட்ட குண்டுகளின் தூள் காற்றோடு வந்தது என்றனர் வேறு சிலர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரசின் அணுசக்தித் துறையினர் உட்படப் பலர் நீரையும் மண்ணையும் அளந்தனர். நிலத்தடி நீரில் யுரேனியம் இருந்தது உண்மை. பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் விதித்த வரம்பை அது மீறியிருந்ததும் உண்மை. அந்நீரைக் குடித்தவர்களுக்குச் சுத்தமான நீர் வழங்கப்பட வேண்டியது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளின் குறைபாட்டுக்கு அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை. அங்கிருந்தோரிற் சிலருக்குப் பெருமூளை வாதம், சிலருக்கு மதியிறுக்கம், வேறு சிலருக்குப் பிறவிக் குறைபாடுகள். தோற்றத்தாலும் வரலாற்றாலும் வேறுபட்ட இத்தனைக்கும் ஒரே உலோகத்தைக் காரணமாக்குவது, ஊரிலுள்ள எல்லாத் துன்பத்துக்கும் ஒரே பேயைக் காரணமாக்குவதை ஒத்தது.

கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி எளியது. அதே நீரைக் குடித்து நலமாக வளர்ந்த அயல்வீட்டுப் பிள்ளையின் மயிரில் யுரேனியம் எவ்வளவு? நோயுற்ற பிள்ளைகளின் மயிரை மட்டும் அளந்து, தொலைதேசத்தவரின் வீச்சோடு ஒப்பிட்டு, இதற்கு விடை காண முடியாது. பின்லாந்தில் ஆழ்கிணற்று நீர் அருந்துவோரிடம் நடத்திய ஆய்வுகளில், நீரிலுள்ள யுரேனியம் கூடக் கூட மயிரிலும் கூடுவது காட்டப்பட்டது. பரித்கோட் பிள்ளைகளின் மயிர் சொன்னதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம்: "எங்கள் கிணற்றில் யுரேனியம் இருக்கிறது." அதைக் கேட்டவர்கள், "எங்கள் மூளையைக் கெடுத்தது யுரேனியம்" என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் மயிரை அளப்பதே வீணா என்று வினவலாம். அன்று. மீனுண்ணும் இம்மண்ணினருக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இந்து சமுத்திரத்திலேயே உண்டு. சீசெல்சுத் தீவினர் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை வரை மீன் உண்பவர்கள். கருவுற்றிருந்த தாய்மாரின் மயிரில் இரசத்தின் அளவைக் குறித்து வைத்து, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர் ஆய்வாளர். 2013இல் வெளிவந்த முடிவில் 1,784 பிள்ளைகளும் இளைஞர்களும் அடங்கினர். தாயின் மயிரிலிருந்த இரசத்துக்கும் பிள்ளையிடம் காணப்பட்ட மதியிறுக்க இயல்புகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இங்கே மயிர் பயன்பட்டது. ஏனெனில் மீன்வழி வரும் இரசம் மயிரில் நம்பத்தக்கவாறு பதியும் என்பது முன்னரே நிறுவப்பட்டிருந்தது, ஒரு பொருள் மட்டுமே தேடப்பட்டது, கேள்வி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. நாற்பதையும் அள்ளிப்போட்டு எது சிவக்கிறதெனப் பார்க்கும் வேலை அங்கில்லை. திரளியும் கிழக்கனும் உண்டதாற் பிள்ளை இவ்வாறாயிற்றோ என்று தன்னையே நோகும் தாய்க்கு இவ்வாய்வைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

மதியிறுக்கமுடைய பிள்ளைக்குக் கனியுப்புப் பரிசோதனையே வேண்டாம் என்பதும் தவறு. வேண்டியவை மிகச் சில. அவற்றுக்கு முன்னே கேள்விகள் வரவேண்டும். பிள்ளை என்ன உண்கிறது? சோற்றையும் விசுக்கோத்தையும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவது எதிர்பார்க்கத்தக்கதே. மண்ணை, சுண்ணத்தை, உதிர்ந்த வர்ணப்பூச்சை எடுத்துத் தின்கிறதா? அப்படியாயின் ஈயத்தை நினைக்க வேண்டும். வீட்டில் வீச்சுவலைக்கு ஈயக்குண்டு உருக்கி வார்க்கிறார்களா, பழைய பற்றரி உடைக்கிறார்களா, கண்ணுக்குச் சுர்மா தீட்டுகிறார்களா? கொலம்பியாவின் கரையோர மீன்பிடி ஊர்களில், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் இடங்களிலே, பிள்ளைகளின் குருதியில் ஈயம் கூடியிருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. வலையின் ஈயத்தை எவரும் நிறுத்தவில்லை. இக்கேள்விகளைக் கேட்க ஜேர்மனிக்குப் போக வேண்டியதில்லை. வாவிக்கரைத் தமிழ் தெரிந்தால் போதும்.

கேள்விக்குப் பின் வரும் பரிசோதனையையும் வாசிக்கத் தெரிய வேண்டும். இரும்பின் சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் புரதம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு லீற்றருக்கு 12 மைக்கிரோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பிள்ளைக்குத் தொற்றோ அழற்சியோ இருந்தால் எல்லை 30. காய்ச்சலில் அந்தப் புரதம் தானாகவே உயரும் என்பதே காரணம். ஆகவே தாளில் 20 என்றிருந்தால், சளியும் காய்ச்சலுமாக இருந்த நாளில் எடுத்ததாயின் குறைவு. நலமாயிருந்த நாளில் எடுத்ததாயின் குறைவன்று. எண் ஒன்றே, பொருள் இரண்டு. நாகத்தின் அளவோ உணவுக்குப் பின்னும், நாளின் நேரத்துக்கேற்பவும், தொற்று வந்தாலும் மாறும். குருதி எடுத்த குழாயின் றப்பர் மூடியாற்கூட மாறும். உடலிலுள்ள மகனீசியத்தில் நூற்றில் ஒரு பங்கும் குருதித் தெளிவத்தில் இல்லை. ஈயத்துக்கு மயிரும் உதவாது, சிறுநீரும் உதவாது, குருதியே வேண்டும். இரும்பு குறைந்திருந்தால் இரும்பு கொடுக்கத்தான் வேண்டும். தலசீமியா உண்டா என்று பார்த்த பின் கொடுக்க வேண்டும். அதனாற் பிள்ளையின் சோர்வு நீங்கலாம், உறக்கம் சீராகலாம். மதியிறுக்கம் நீங்கும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

'கொடுத்துப் பார்ப்பதால் என்ன கேடு' என்பது அடுத்த வாதம். கேடு உண்டு. நாகத்தை நெடுநாள் மிகையாகக் கொடுத்தால் உடலிற் செம்பு குறைந்து குருதிச்சோகை வரும். இரும்பு மாத்திரைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, அவற்றை விழுங்கி இறந்த பிள்ளைகள் உண்டு. அட்டவணை காட்டும் கடைசிப் படியோ உலோகத்தைக் கழுவி அகற்றும் மருந்து. அதற்கு முன்னோட்டமாக அம்மருந்தில் ஒரு வேளை கொடுத்துச் சிறுநீரை அளப்பார்கள். மருந்து கொடுத்தால் நலமுள்ளவரின் சிறுநீரிலும் உலோகம் கூடும். அதை மருந்து கொடுக்காதவரின் வீச்சோடு ஒப்பிட்டு 'நஞ்சு' என்பார்கள். இம்முறைக்கு விஞ்ஞான அடிப்படை இல்லையென அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2009இல் அறிவித்தது. கல்சியத்தையும் சேர்த்து இழுத்துவிடும் ஒருவகை மருந்தால் 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் மூவர் இறந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் 2006இல் பதிவு செய்தது. இருவர் பிள்ளைகள், அவர்களுள் ஒருவன் மதியிறுக்கமுடைய ஐந்து வயதுச் சிறுவன். குருதியில் ஈயம் டெசிலீற்றருக்கு 45 மைக்கிரோகிராமை எட்டிய பிள்ளைக்கு இவ்வகைச் சிகிச்சை உயிர் காப்பது. மதியிறுக்கத்துக்கு அது எக்காரணங்கொண்டும் கூடாதென 2013இல் பிரித்தானிய வழிகாட்டல் விலக்கியது.

இவ்வளவும் அறிந்தபின் தாயைப் பழிப்பது எளிது. பழிப்பவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பர் என்று பிற ஊரார் கேலி பேசுவதுண்டு. அக்கேலிக்குச் சினப்பவர்களே பரியாரியின் நூலைக் கண்டு நகைத்துவிட்டு, ஐரோப்பிய முத்திரையிட்ட தாளின் முன் கைகட்டி நிற்கின்றனர். நூல் கட்டிய பரியாரியார் ஊரிலேயே இருக்கிறார். பலிக்காவிட்டால் முகத்துக்கு நேரே கேட்கலாம். தாளை அனுப்பியவரை எங்கே தேடுவது?

தாய்மார் அட்டவணையைப் பற்றிக்கொள்வதற்கு வரலாறும் உண்டு. லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைக் கொண்டு இந்நிலையை விவரித்தார். பின்வந்த காலத்திற் குளிர்ந்த மனமுடைய தாயே காரணம் என்ற கொடிய கருத்துப் பரவியது. 1967இல் புறூனோ பெற்றல்கைம் அதை நூலாக்கிப் புகழ் பெற்றார். அக்கருத்தை 1964இலேயே மறுத்து, இது மூளை சார்ந்த நிலை என்று வாதிட்டவர் பேர்னாட் றிம்லன்ட். தாமே அத்தகைய பிள்ளையின் தந்தை. தாய்மாரைப் பழியிலிருந்து மீட்ட அவரே பிற்காலத்தில் விற்றமின், மகனீசியம், உலோகம் அகற்றல் ஆகியவற்றுக்கு வாதாடியவர் என்பது வரலாற்றின் விந்தை. ஆனால் விளங்கிக்கொள்ளத்தக்க விந்தை. 'உன் மனம் காரணமன்று, ஓர் உலோகம் காரணம்' என்ற வாக்கு, குற்றஞ்சாட்டப்பட்ட ஒருத்திக்கு விடுதலைத் தீர்ப்புப் போலவே கேட்கும். கன்மவினை என்றும், கருவுற்றிருந்தபோது கண்டதைத் தின்றாள் என்றும் மாமியார் வீட்டில் ஏச்சுக் கேட்டவளுக்கும் அப்படியே கேட்கும். அவள் விலை கொடுத்து வாங்குவது அந்த விடுதலையை.

அதை விலையின்றிக் கொடுக்க இயலும் என்பதே மறைக்கப்படுகிறது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் மதியிறுக்கமுடையவராகக் காணப்பட்டனர். இது அரிய சாபமன்று. பரவலாக உள்ள நிலை. தாயே வீட்டில் நடத்தும் பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறியதை அவர்களது 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பயிற்சி பெறாதோரோடு ஒப்பிட்டும் பார்த்தனர். திருவுளச் சீட்டு முறையிற் பிரித்த ஆய்வன்று அது என்று குறை கூறலாம். அக்குறை இல்லாத ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது: கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைத் திருவுளச் சீட்டு முறையிற் பிரித்து, அவர்களுள் ஒரு பகுதியினரின் பெற்றோருக்கு, நிபுணரல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி அளித்தனர். பிள்ளையின் நோக்கைப் பின்பற்றிப் பெற்றோர் பேசக் கற்றனர். பிள்ளைகள் தாமாகத் தொடர்பைத் தொடங்குவது கூடியது. சிரட்டை சுழற்றும் பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்காமல், அருகே குந்தி, இன்னொரு சிரட்டையைச் சுழற்றி, 'சுத்துது' என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் காத்திருப்பது இத்தகைய பயிற்சியின் போக்கு. இதற்கு உலோகத் தராசு எதற்கு?

படுவான்கரையின் ஒவ்வோர் ஊருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார். பிள்ளை எப்போது சிரிக்க வேண்டும், எப்போது பேச வேண்டும் என்ற குறிப்புகள் அவர் நிரப்பும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலேயே உண்டு. அவருக்குக் கொடுக்கப்படாதது பயிற்சி. அவரிடம் இல்லாதது இவ்வூர்த் தமிழில் எழுதிய கைந்நூல். நாட்டிலுள்ள பேச்சு மொழிச் சிகிச்சையாளருள் தமிழில் பணி செய்வோர் மிகச் சிலர். அவர்கள் கையாளும் படங்களும் சொற்பட்டியல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அப்பிள், பனிமனிதன், தொடர்வண்டி. வாவிக்கரைப் பிள்ளை முதலிற் பேசும் சொற்கள் எவை என்பதை எவரேனும் தொகுத்ததுண்டா? மருத்துவ பீடத்தின் வேலையன்று இது. காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானம் கற்று, தமிழ்ப் பேராசிரியராகிக் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்தரின் பெயரை மேடைதோறும் சொல்லும் கலைப்பீடங்களின் வேலை. மட்டக்களப்பு வழக்கைப் பற்றிய ஆய்வுகள் நூலகத்தில் உறங்குகின்றன. இருநூறு சொற்கள், அவற்றுக்கு இருநூறு படங்கள், பெரிற்றினையும் ஈயத்தையும் பற்றி இரண்டு பக்கத் தமிழ் விளக்கம். ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு வகுப்பு மாணவர் முடித்து, குடும்பநல உத்தியோகத்தரின் பையில் வைத்துவிடக்கூடிய வேலை.